ரத்த வங்கி இருப்பைக் காலாவதியாகாமல் காப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த வங்கித் தொழில்நுட்பர்கள், வார்டு செவிலியர்கள், அறுவைக்கு ரத்தம் எழுதும் மருத்துவர்கள், முகாம் நடத்துபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. இதிலுள்ள எண்கள் பரவலாகக் கைக்கொள்ளப்படுபவை. நாட்டுக்கு நாடு சிறு மாறுதல் உண்டு என்பதால், உங்கள் நாட்டு விதியும் பையின் லேபிளும் சொல்வதே இறுதி.

எடுத்த ரத்தம் எத்தனை நாள் தாங்கும்?

எந்தப் பையில் எடுத்தோம், எதைப் பிரித்தோம் என்பதைப் பொறுத்தது. 450 மி.லி. ரத்தம் எடுக்கும் பையில் 63 மி.லி. உறைதடுப்புக் கரைசல் இருக்கும். அது சி.பி.டி. என்றால் 21 நாள், சி.பி.டி.ஏ.-1 என்றால் 35 நாள். சிவப்பணுவைப் பிரித்து, அதன்மேல் சாக்-எம் போன்ற, அணுவுக்கு ஊட்டம் தரும் கூட்டுக் கரைசலைச் சேர்த்தால் 42 நாள். இவை எல்லாம் 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் இருந்தால் மட்டுமே.

தட்டணு எனப்படும் பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைத்தால் 5 நாள். பாக்டீரியாப் பரிசோதனையோ நோய்க்கிருமி நீக்கமோ செய்யும் இடங்களில் 7 நாள் வரை அனுமதிக்கிறார்கள். பிளாஸ்மாவை எடுத்த 8 மணி நேரத்துக்குள் உறையவைத்து, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே வைத்தால் ஓராண்டு. மைனஸ் 25-க்கும் கீழே வைத்தால் 3 ஆண்டுவரை ஏற்கும் நாடுகள் உண்டு. கிளிசரால் கலந்து மைனஸ் 65-க்குக் கீழே உறையவைத்த அரிய வகைச் சிவப்பணு 10 ஆண்டு இருக்கும்.

1937-இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபேண்டஸ் முதன்முதலில் 'ரத்த வங்கி' என்று பெயர் சூட்டியபோது ரத்தத்தைச் சுமார் 10 நாள்தான் வைத்திருக்க முடிந்தது. இன்று 42 நாள் கிடைத்திருக்கிறது. ஆனாலும் ஓர் அலமாரி முழுக்க ஒரே வாரத்தில் காலாவதியாகும் பைகள் நிறைந்துவிட்டால் அந்த 42 நாளும் உதவாது.

இன்று காலாவதி என்று போட்டிருக்கிறது. இன்று ஏற்றலாமா?

நேரம் குறிப்பிடாத பைகளுக்கு அந்த நாளின் நள்ளிரவு வரை செல்லும். ரத்தம் எடுத்த நாளைப் பூஜ்ய நாளாகக் கொள்ள வேண்டும். உருக்கிய பிளாஸ்மா, கழுவிய சிவப்பணு, திறந்த முறையில் (வெளிக்காற்றுப் படும்படி) பிரித்த பை ஆகியவற்றுக்கு மணிக்கணக்கு உண்டு. அவற்றில் நேரத்தையும் எழுதாமல் விட்டால் அடுத்த ஷிப்ட்காரருக்கு அந்தப் பை புரியாத புதிர்தான்.

குளிரில் வைத்தாலும் ரத்தம் ஏன் கெடுகிறது?

சிவப்பணு பைக்குள்ளும் உயிரோடுதான் இருக்கிறது. குளுக்கோஸைத் தின்கிறது, லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. குளிர் அதன் வேகத்தைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. நாளாக ஆக அணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. குறைந்து சவ்வு விறைக்கிறது. திசுக்களுக்கு ஆக்சிஜனை விட்டுக்கொடுக்க உதவும் 2,3-டி.பி.ஜி. இரண்டே வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏற்றிய பிறகு உடலுக்குள் அது மீண்டும் உருவாகும். அணுச் சவ்வில் இருக்கும் சோடியம் பொட்டாசியம் பம்ப் குளிரில் ஓய்ந்துபோவதால் பொட்டாசியம் வெளியே கசியும். பெரியவர் ஒருவருக்கு மெதுவாக ஏற்றும்போது இது பொருட்டல்ல. பச்சிளம் குழந்தைக்கு வேகமாக ஏற்றும்போதோ அது இதயத்தை நிறுத்தக்கூடும்.

ஏற்றிய சிவப்பணுவில் குறைந்தது 75% மறுநாளும் நோயாளியின் ரத்த ஓட்டத்தில் இருக்க வேண்டும், பையில் சிதைந்த அணு 1%-ஐத் தாண்டக்கூடாது என்ற இரு அளவுகோல்களை வைத்தே காலாவதி நாளை நிர்ணயித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இந்தச் சிதைவு வரம்பு 0.8%.

மருத்துவர் 'புது ரத்தம்தான் வேண்டும்' என்கிறார். கொடுக்க வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்பதே ரத்த வங்கியின் அடிப்படை ஒழுங்கு. பழைய ரத்தம் தீங்கு செய்யுமோ என்ற ஐயத்தைப் பெரிய ஆய்வுகளே சோதித்துவிட்டன. 2015-இல் வெளியான ஏபிள் ஆய்வு தீவிர சிகிச்சை நோயாளிகளிடமும், அதே ஆண்டின் ரிசெஸ் ஆய்வு இதய அறுவை நோயாளிகளிடமும், 2016-இன் இன்ஃபார்ம் ஆய்வு மருத்துவமனையில் சேர்ந்த பொது நோயாளிகளிடமும் புது ரத்தத்தால் கூடுதல் நன்மை எதையும் காணவில்லை.

விலக்குகள் உண்டு. பச்சிளம் குழந்தைக்கு ரத்தப் பரிமாற்றம் செய்யவும் கருவிலிருக்கும் சிசுவுக்கு ஏற்றவும் 5 நாளுக்கு உட்பட்ட பையைத் தேடுகிறோம். கதிர்வீச்சு ஊட்டியதாக இருந்தால் ஊட்டிய 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டியிருப்பதால், ஏற்றிய அணு உடலில் கூடுதல் நாள் தங்கட்டும் என்று 2 வாரத்துக்கு உட்பட்டதைக் கொடுப்பது நல்லது. இந்தச் சிலருக்காகப் புதுப் பைகளைக் காத்து வைக்க வேண்டுமென்றால், மற்றவர்களுக்குப் பழையதை முதலில் கொடுத்தே ஆக வேண்டும். இதை மருத்துவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள்.

அலமாரியில் இதைச் செய்ய எளிய வழி: ஒவ்வொரு வகைக்கும் தனித் தட்டு, முன்வரிசையில் முதலில் காலாவதியாவது. புதுப் பைகள் வந்ததும் காலியாக இருக்கும் முன்பக்கத்தில் செருகிவிடுவதுதான் வழக்கமாக நேரும் தவறு. வந்த தேதியைப் பார்த்து அடுக்காதீர்கள், காலாவதித் தேதியைப் பார்த்து அடுக்குங்கள். நேற்று வேறு வங்கியிலிருந்து வந்த பை, போன வாரம் வந்ததைவிடப் பழையதாக இருக்கலாம்.

தட்டணுவை ஏன் ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது? ஏன் ஆட்ட வேண்டும்?

குளிர்ந்த தட்டணுவின் மேற்பரப்புப் புரதங்கள் கொத்துக்கொத்தாகக் கூடிவிடும். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை அந்நியமாகக் கருதி விரைவில் அகற்றிவிடும். அதனால் அறை வெப்பத்தில் வைக்கிறோம். அதே வெப்பம் பாக்டீரியாவுக்கும் உகந்தது. தட்டணுவுக்கு 5 நாள் கெடு வைத்திருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

ஆட்டுவது எதற்கென்றால், தட்டணு மூச்சுவிடப் பையின் பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் உள்ளே வர வேண்டும், கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற வேண்டும். அசையாமல் கிடந்தால் லாக்டிக் அமிலம் சேர்ந்து பி.எச். சரியும். 6.4-க்குக் கீழே போனால் தட்டு வடிவ அணு உருண்டையாகி உயிரிழக்கும். ஆட்டும் கருவியான அஜிடேட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பைகளை அடுக்குவதும், பையின் மேல் பெரிய லேபிளாக ஒட்டுவதும் இந்த மூச்சை அடைப்பதற்குச் சமம்.

ரத்தக் கசிவு உள்ள நோயாளிக்கு மட்டும் பயன்படுத்தக் குளிரில் வைத்த தட்டணுவை 14 நாள் வரை அனுமதிக்கும் நாடுகள் உண்டு. அது தனி லேபிளோடு தனி இருப்பாக இருக்கும். சாதாரணத் தட்டணுவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு 'குளிர்த் தட்டணு' என்று பெயர் மாற்ற முடியாது.

5 நாள் இருக்கிறதே, தட்டணு ஏன் இவ்வளவு வீணாகிறது?

உண்மையில் கையில் 5 நாள் கிடைப்பதே இல்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனை முடிந்து லேபிள் ஒட்டி விடுவிக்கவே ஒன்று அல்லது ஒன்றரை நாள் போகும். அனுப்பும் பயணத்தையும் கழித்தால் அலமாரியில் மிஞ்சுவது 3 நாள். வெள்ளிக்கிழமை தயாரித்தது திங்கள் கிழமை வருவதற்குள் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். வார இறுதியில் வெளிநோயாளிப் பிரிவு இல்லை, திட்டமிட்ட அறுவையும் இல்லை. ஆகவே தட்டணுத் தயாரிப்பைத் தினமும் ஒரே எண்ணிக்கையில் வைக்காமல், புற்றுநோய் வார்டு எந்தெந்தக் கிழமை எத்தனை நோயாளிக்கு ஏற்றப்போகிறது என்று முந்தைய நாளே கேட்டுத் திட்டமிடுங்கள். காலை 9 மணிக்கு வார்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

தேவைப் பக்கத்தையும் பாருங்கள். ரத்தக் கசிவு இல்லாத, நிலையான நோயாளிக்கு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் தடுப்பு முறையில் தட்டணு தேவை என்பது பரவலான வழிகாட்டுதல். 40,000 இருப்பவருக்குப் பயத்தில் எழுதப்படும் கோரிக்கைகளை ரத்த வங்கி மருத்துவர் கனிவோடு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

பையைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். வழங்கும் முன் ஒவ்வொரு பையையும் பார்ப்பது கட்டாயம். தட்டணுப் பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்து, லேசாகப் பிசையுங்கள். தட்டு வடிவ அணுக்கள் ஒளியைச் சிதறடிப்பதால், நல்ல பையில் பட்டுத்துணியை அசைத்ததுபோல் மினுமினுப்பு சுழலும். அணுக்கள் உருண்டையாகிவிட்ட பை எப்படிச் சாய்த்தாலும் ஒரே மங்கலாகத் தெரியும். சுழல் இல்லாத பையைக் கொடுக்காதீர்கள்.

சிவப்பணுப் பையில் நிறத்தைப் பாருங்கள், ஆனால் தனியாகப் பார்க்காதீர்கள். பையோடு ஒட்டியிருக்கும் குழாய்த் துண்டில் அதே கொடையாளரின் ரத்தம்தான் இருக்கிறது. குழாய்த் துண்டைவிடப் பை கறுத்து, ஊதா நிறமாக இருந்தால் பைக்குள் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். யெர்சினியா போன்ற கிருமிகள் 4 டிகிரியிலும் வளரும். மேலே நிற்கும் திரவம் சிவந்திருந்தால் அணு உடைந்திருக்கிறது: உறைந்து உருகியதாகவோ அதிகச் சூடு பட்டதாகவோ இருக்கலாம். கட்டி, கசிவு, முனையில் விரிசல் ஆகியவற்றையும் பையை மெல்ல அழுத்திப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

எந்த வகையில் எத்தனை யூனிட் வைத்திருப்பது? கணக்கு உண்டா?

உண்டு, எளிதுதான். கடந்த 26 வாரத்தில் வாரத்துக்கு எத்தனை யூனிட் ஏற்றினீர்கள் என்று வகைவாரியாக எழுதுங்கள். வழங்கியதை விடுங்கள், கோரியதையும் விடுங்கள். ஏற்றியதை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வகையிலும் மிக அதிகமான ஒரு வாரத்தை நீக்குங்கள். ஒரே ஒரு பெரிய விபத்து சராசரியைத் தூக்கிவிடாமல் இருக்க இது. மிச்சத்தைக் கூட்டி 25-ஆல் வகுத்தால் வாரச் சராசரி.

எடுத்துக்காட்டாக, ஓ பாசிட்டிவ் 26 வாரத்தில் 558 யூனிட், அதில் மிக அதிகமான வாரம் 33 என்று வைத்துக்கொள்வோம். 558-இல் 33 போக 525. அதை 25-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 21, நாளுக்கு 3. வெளியிலிருந்து ரத்தம் வந்துசேர எத்தனை நாள், விடுமுறை எத்தனை நாள் என்று பார்த்து, 7 நாள் இருப்பைச் சாதாரண நிலையாகவும் 3 நாள் இருப்பை எச்சரிக்கை நிலையாகவும் வைத்தால், 21 யூனிட் இருக்க வேண்டும், 9-க்கு இறங்கினால் ஆள் தேட வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவையுங்கள்.

ஏபி நெகட்டிவ் போல வாரத்துக்கு ஒன்றுகூடப் போகாத வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதை அலமாரியில் வைத்துக் காலாவதியாக்குவதைவிட, அந்த நோயாளி வந்தால் எந்தப் பொருந்தும் வகையைக் கொடுப்பது, எந்தக் கொடையாளரை அழைப்பது என்று முன்பே எழுதிவைப்பதே மேல். சிவப்பணுவைப் பொறுத்தவரை ஏபி நெகட்டிவ் நோயாளி ஏ, பி, ஓ நெகட்டிவ் எதையும் ஏற்பார். அவருக்காக ஓ நெகட்டிவ்வைத் தொடாமல் ஏ நெகட்டிவ்வை முதலில் பாருங்கள்.

இருப்புக் கணக்கில் இன்னொரு கண்ணி உண்டு. 40 யூனிட் இருக்கிறது என்று பதிவேடு சொல்லும். அதில் 12 பரிசோதனை முடியாதது, 15 யாருக்கோ ஒதுக்கியது, 6 இந்த வாரம் காலாவதியாவது. உடனே தரக்கூடியதை மட்டுமே இருப்பு என்று எண்ணுங்கள்.

அறுவைக்கு 4 யூனிட் ஒதுக்கச் சொல்கிறார்கள், ஒன்றுகூட ஏற்றுவதில்லை. என்ன செய்வது?

ரத்தம் வீணாவதற்கு ஃபிரிட்ஜ் கோளாறைவிட இதுவே பெரிய காரணம். கிராஸ்மேட்ச் (நோயாளியின் ரத்தத்தோடு பையின் ரத்தம் பொருந்துகிறதா என்ற சோதனை) செய்து ஒருவர் பெயரில் வைத்த பை வேறு யாருக்கும் போகாது. அறுவை தள்ளிப்போய், மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, அடுத்த நோயாளிக்கு ஒதுக்கப்பட்டு, மீண்டும் திரும்பி வரும். இப்படி மூன்று முறை சுற்றினால் 9 நாள் போச்சு, யார் உடம்பிலும் ஏறாமலே.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு மாதம் கிராஸ்மேட்ச் செய்த யூனிட்டை ஏற்றிய யூனிட்டால் வகுங்கள். 300 பொருத்தி 100 ஏற்றினால் விகிதம் 3. இது 2-க்குள் இருப்பது நல்லது, 2.5-ஐத் தாண்டினால் தேவையில்லாமல் ஒதுக்குகிறோம் என்று பொருள். இதையே துறைவாரியாக, அறுவைவாரியாகப் பிரியுங்கள். ஓர் அறுவைக்குக் கிராஸ்மேட்ச் செய்யப்பட்ட நோயாளி ஒருவருக்குச் சராசரியாக ஏற்றப்பட்டது 0.5 யூனிட்டுக்கும் குறைவு என்றால், அந்த அறுவைக்கு ரத்த வகைச் சோதனையும், பிறர் சிவப்பணுவைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற சோதனையும் மட்டும் செய்து வைத்தால் போதும்.

அறுவை மருத்துவரின் அச்சம் நியாயமானது: 'ரத்தம் கொட்டும்போது நீங்கள் கிராஸ்மேட்ச் செய்துகொண்டிருப்பீர்களே?' எதிர்ப்பொருள் இல்லை என்று முன்பே தெரிந்த நோயாளிக்கு, உடனடிச் சுழற்சிப் பொருத்தமோ (இரு மாதிரியையும் கலந்து உடனே சுழற்றிப் பார்ப்பது) கணினிப் பொருத்தமோ (பதிவிலுள்ள வகைகளைக் கணினியே ஒப்பிடுவது) செய்து 10 நிமிடத்துக்குள் பை கொடுத்துவிடலாம். இதைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அறுவை அரங்கிலிருந்து நேரம் பார்த்து ஒரு முறை ஒத்திகை நடத்திக் காட்டுங்கள். அதன்பின் ஒதுக்கீடு தானாகக் குறையும். எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு மட்டும் இது செல்லாது. அவர்களுக்குப் பொருந்தும் பைகளைத் தேட மணிக்கணக்கில் ஆகலாம் என்பதால், முன்கூட்டியே எடுத்து ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

ஒதுக்கீட்டுக் காலத்தை 72 மணியிலிருந்து 24 மணிக்குக் குறைப்பது இன்னொரு நல்ல வழி. அதைத் தானாக விடுவிக்க ஓர் ஆள், ஒரு நேரம் வேண்டும். தினமும் காலை முதல் வேலையாக ஒதுக்கீட்டுத் தட்டைக் காலி செய்யும் பழக்கம் இல்லாவிட்டால், காலத்தைக் குறைத்தது காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

ஓ நெகட்டிவ் மட்டும் ஏன் எப்போதும் தட்டுப்பாடு?

கொடுப்பவர் குறைவு, கேட்பவர் அதிகம். ஐரோப்பிய மக்களிடையே சுமார் 7% பேருக்கு ஓ நெகட்டிவ். கிழக்காசியாவில் 1%-க்கும் கீழே. கேட்பதோ அவசர நோயாளி, பச்சிளம் குழந்தை, எதிர்ப்பொருள் உள்ளவர் என்று எல்லாப் பக்கமிருந்தும்.

வருத்தம் தருவது என்னவென்றால், அதில் ஒரு பங்கு ஓ நெகட்டிவ் அல்லாதவர்களுக்கே, காலாவதியாகப் போகிறதே என்ற காரணத்துக்காகவே போகிறது. அவசரப் பிரிவின் தனி ஃபிரிட்ஜில் 4 யூனிட் வைத்து மறந்துவிட்டு, கடைசி 2 நாளில் ஏ பாசிட்டிவ் நோயாளிக்குக் கொடுக்கிறோம். பதிவேட்டில் அது 'பயன்பட்டது'. அதற்குப் பதில், காலாவதிக்கு 14 நாள் இருக்கும்போதே அங்கிருந்து எடுத்து முதன்மை இருப்புக்குக் கொண்டுவந்து, புதிய பையை அங்கே வையுங்கள். 14 நாளுக்குள் உரிய நோயாளி வர வாய்ப்பு உண்டு.

வகை தெரியாத அவசரத்தில் ஆண்களுக்கும் குழந்தைப்பேறு வயதைக் கடந்த பெண்களுக்கும் ஓ பாசிட்டிவ் கொடுக்கலாம். ஓ நெகட்டிவ் சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும். பின்னாளில் கருவுறும்போது குழந்தையைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகிவிடக்கூடாது என்பதற்காக. முதல் பை ஏறும் முன்பே மாதிரி ரத்தம் எடுத்துவிடுங்கள். நிறைய ஓ ரத்தம் ஏறிய பிறகு எடுத்தால் வகைச் சோதனையில் இரண்டு விதமான அணுக்களும் கலந்து தெரியும், வகை சொல்ல முடியாமல் நோயாளி முழுக்க ஓ நெகட்டிவ்விலேயே மாட்டிக்கொள்வார்.

வார்டுக்குப் போன பை ஏற்றாமல் திரும்பி வந்தால் இருப்பில் சேர்க்கலாமா?

நான்கு விஷயம் சரியாக இருந்தால் சேர்க்கலாம்: முத்திரை உடையவில்லை, குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே இருந்தது 30 நிமிடத்துக்குள், பார்வைச் சோதனையில் குறையில்லை, பயண வெப்பநிலைப் பதிவு இருக்கிறது. 30 நிமிடம் என்பது, குளிர்ந்த பை அறை வெப்பத்தில் 10 டிகிரியை எட்ட ஆகும் நேரத்தை வைத்து வந்த விதி. சூடான அறையிலும் சிறிய பையிலும் அதற்கு முன்பே எட்டிவிடும். 60 நிமிடம் வரை ஒத்துக்கொண்டு, 6 மணி நேரம் ஃபிரிட்ஜில் தனியே வைத்த பின் இருப்பில் சேர்க்கும் வழிகாட்டுதல்களும் உண்டு. உங்கள் வங்கி எதை ஏற்கிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

திரும்ப வந்த பையில் தகராறு எப்போதும் நேரத்தைப் பற்றித்தான். 'இப்போதுதான் எடுத்துப் போனோம்' என்பார்கள். அதனால் வெளியே போகும் நேரத்தைப் பையோடு கட்டிய சீட்டில் எழுதுங்கள். முடிந்தால் வெப்பம் காட்டும் ஒட்டியைப் பையின் மேல் ஒட்டுங்கள். அது நிறம் மாறியிருந்தால் பேச்சே இல்லை. ஊசி போட இடம் கிடைக்காமல் தாமதமாவது, காய்ச்சல் வந்து ஏற்றம் தள்ளிப்போவது, இரண்டு பையை ஒன்றாக வாங்கி ஒன்றை மேசையில் வைப்பது: இந்த மூன்றில்தான் பெரும்பாலான பைகள் போகின்றன. மூன்றுக்கும் ஒரே தீர்வு, ஊசி பொருத்தி, நோயாளியின் நாடி, வெப்பம் பார்த்தபின் ஒரு நேரத்தில் ஒரு பை மட்டும் வாங்குவது. தொடங்கிய பை 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

பையை வார்டு மருந்து ஃபிரிட்ஜில் 'கொஞ்ச நேரம்' வைத்தவர்கள், நேர்மையாகச் சொல்லிவிடுவதே நோயாளிக்குச் செய்யும் நன்மை. அதை வைத்துத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

மருந்து ஃபிரிட்ஜோ வீட்டு ஃபிரிட்ஜோ ஏன் ஆகாது?

காற்றைச் சுழற்றும் விசிறி இல்லாததால் மேல்தட்டு ஒரு வெப்பம், கீழ்த்தட்டு ஒரு வெப்பம். குளிர்த்தகட்டை ஒட்டிய பை உறைந்துவிடும். உறைந்த சிவப்பணு உருகும்போது உடையும். உடைந்த ரத்தம் ஏறினால் சிறுநீரகம் பாதிக்கும். அலாரமும் கிடையாது. ரத்த வங்கி ஃபிரிட்ஜின் உணரி, 10% கிளிசரால் நிரப்பிய சிறு புட்டிக்குள் இருக்கும். கதவு திறந்தால் மாறும் காற்றின் வெப்பத்தைக் காட்டாமல் பையின் வெப்பத்தைக் காட்டுவதற்காக அந்த ஏற்பாடு.

பிளாஸ்மா உருக்கும்போது பை கிழிகிறது. தவிர்ப்பது எப்படி?

மைனஸ் 30-இல் பிளாஸ்டிக் கண்ணாடிபோல் நொறுங்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மேசையில் தட்டிப் பிரிப்பதும், ஒட்டிக்கொண்ட இரண்டு பையை இழுப்பதும்தான் கிழிசலின் தொடக்கம். அட்டைப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக உறையவையுங்கள், பெட்டியோடே எடுங்கள், சில நிமிடம் விட்டுப் பிறகு கையாளுங்கள். உருக்கும்போது வெளியுறைக்குள் போட்டு, முனைகள் நீருக்கு மேல் நிற்கும்படி 37 டிகிரி நீர்த்தொட்டியில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். வெளியுறைக்குள் மஞ்சள் நீர் தெரிந்தால் பை கிழிந்திருக்கிறது, தொட்டியும் அசுத்தமாகாமல் தப்பியது.

கிழிசலைவிட அதிகமாக வீணாவது, யாரும் ஏற்றாமல் உருக்கிய பிளாஸ்மா. உருக்கும் முன் வார்டுக்குப் பேசி, இன்னும் தேவையா, ஊசி தயாரா என்று கேளுங்கள். உருக்கியதை மீண்டும் உறையவைக்க முடியாது. 2 முதல் 6 டிகிரியில் 24 மணி நேரம் இருக்கும். சில நாடுகளில் 'உருக்கிய பிளாஸ்மா' என்று மறு லேபிள் இட்டு 5 நாள் வரை வைக்கிறார்கள். அதில் ரத்தத்தை உறையவைக்கும் காரணி 5, 8 குறைந்திருக்கும், ஆனால் பெரிய ரத்தக் கசிவுக்கு உடனே கையில் இருப்பது உதவும்.

உருக்கிய கிரையோவை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். கிரையோ (கிரையோபிரெசிப்பிடேட்) என்பது பிளாஸ்மாவிலிருந்து குளிரில் படியவைத்துப் பிரித்த உறைபுரதங்கள்; குளிரில் மீண்டும் படிந்துவிடும். அறை வெப்பத்தில் வைத்து 6 மணி நேரத்துக்குள், திறந்த முறையில் பல பைகளை ஒன்றாகச் சேர்த்திருந்தால் 4 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுங்கள்.

குழந்தைக்கு 20 மி.லி. போதும். மிச்சத்தை என்ன செய்வது?

முழுப் பையைத் திறந்து 20 மி.லி. எடுத்தால் மிச்சத்துக்கு 24 மணி நேரம்தான் ஆயுள். வெளிக்காற்றுப் படாமல் குழாய்களை ஒட்டும் மலட்டு இணைப்புக் கருவியால் சிறு பைகளை இணைத்து, மூடிய முறையில் 4 முதல் 6 பகுதியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தாய்ப்பையின் காலாவதி நாள் வரை இருக்கும். அந்த எல்லாப் பகுதியையும் ஒரே குழந்தைக்கே ஒதுக்குங்கள். குறைமாதக் குழந்தைக்குப் பல முறை ஏற்ற வேண்டிவரும்; ஒரே கொடையாளரின் ரத்தம் என்றால் அந்தச் சின்ன உடல் சந்திக்கும் கொடையாளர் எண்ணிக்கை குறையும்.

பெரிய விபத்து நடந்தால் உடனே எல்லாரையும் ரத்தம் கொடுக்கச் சொல்லலாமா?

அன்றைக்கு ஏற்றப்படுவது ஏற்கெனவே பரிசோதனை முடிந்து அலமாரியில் இருக்கும் ரத்தம். அன்று எடுப்பது மறுநாளுக்கே பயன்படும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் மக்கள் பெரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். காயமடைந்தவர்களுக்குத் தேவைப்பட்டது அதில் மிகச் சிறு பங்கு. ஏராளமான பைகள் பின்னர் காலாவதியாயின. இன்னொரு விளைவும் உண்டு: அன்று கொடுத்த எல்லாரும் அடுத்த 2 அல்லது 3 மாதம் கொடுக்க முடியாது. மிகை முடிந்ததும் பள்ளம் வரும்.

வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், பெயரும் வகையும் தொலைபேசி எண்ணும் வாங்கி, நாள் பிரித்து அழைப்பதாகச் சொல்லுங்கள், சொன்னபடி அழையுங்கள். முகாம்களும் அப்படித்தான். ஒரே நாளில் 500 பை எடுக்கும் முகாமைவிட, 10 வாரத்தில் 50 பைவீதம் எடுப்பது மேல். ஒரே நாளில் எடுத்தவை ஒரே நாளில் காலாவதியாகும்.

ஒரு பைகூட வீணாகாமல் நடத்த முடியுமா?

முடியும், ஆனால் அப்படிப்பட்ட வங்கியில் நள்ளிரவில் வரும் நோயாளிக்கு ரத்தம் இருக்காது. சிவப்பணுவில் சிறு அளவும் தட்டணுவில் அதைவிடக் கூடுதலாகவும் வீணாவது, தயாராக இருப்பதற்கான விலை. பார்க்க வேண்டியது மொத்த எண்ணை அல்ல, காரணத்தை. அலமாரியில் காலாவதியானது, ஒதுக்கீட்டில் காலாவதியானது, வார்டிலிருந்து தாமதமாகத் திரும்பியது, ஃபிரிட்ஜ் கோளாறு, உருக்கும்போது கிழிந்தது, எடை குறைவு, பரிசோதனையில் தொற்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வையுங்கள். தொற்றால் கழித்ததை இருப்பு மேலாண்மைக் கணக்கில் கலக்காதீர்கள். மிச்சத்தை அந்த மாதம் வழங்கிய யூனிட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் விழுக்காட்டை, வகைவாரியாக மாதாமாதம் ஒப்பிடுங்கள்.

காலாவதிக்கு 10 நாள் இருக்கும் சிவப்பணுப் பைகளின் பட்டியலை வாரம் இருமுறை எடுத்து, பக்கத்து மருத்துவமனைகளுக்குத் தெரிவிப்பதும் பலன் தரும். 2 நாள் இருக்கும்போது அழைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

மின்சாரம் போய், ஜெனரேட்டரும் ஓடவில்லை. முதலில் என்ன?

கதவைத் திறக்காதீர்கள். நேரத்தையும் ஒவ்வொரு பெட்டியின் வெப்பத்தையும் எழுதுங்கள், பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறை. நிரம்பிய, மூடிய ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் தாங்கும். எவ்வளவு நேரம் என்பதை அது புதிதாக வந்தபோதே மின்சாரத்தை நிறுத்திச் சோதித்து, கதவில் எழுதியிருக்க வேண்டும். 6 டிகிரியை நெருங்கும் வரை காத்திராமல், 5-ஐத் தொடும்போதே சோதித்து வைத்த குளிர்ப்பெட்டிகளுக்கு மாற்றத் தொடங்குங்கள். பனிக்கட்டிப் பொதி பையை நேராகத் தொடக்கூடாது; நடுவே அட்டை வையுங்கள். ஃப்ரீசரை வேறு ஃப்ரீசருக்கு மாற்றும் ஏற்பாடு எழுத்தில் இல்லை என்றால் அன்று தொலைபேசியில் தேடும் நேரத்தில் பிளாஸ்மா உருகத் தொடங்கிவிடும்.

தட்டணுவுக்கு அவ்வளவு பதற்றம் வேண்டாம். ஆட்டாமல் மொத்தமாக 24 மணி நேரம் வரை பொறுக்கும், ஆனால் அறை 24 டிகிரியைத் தாண்டக்கூடாது. தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிவையுங்கள். மின்சாரம் வந்தபின், வரம்பைத் தாண்டிய எல்லாப் பைகளையும் தனித்தட்டில் வைத்து 'வழங்கக்கூடாது' என்று சீட்டு ஒட்டுங்கள். எதைக் கழிப்பது, எதை மீட்பது என்பதை ரத்த வங்கி மருத்துவர் பதிவைப் பார்த்து முடிவு செய்து கையெழுத்திட வேண்டும். கழிக்கும் பைகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கிருமி நீக்கம் செய்தோ எரியூட்டியோ அகற்றும் முன், பை எண், வகை, காரணக் குறியீடு மூன்றும் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று ஒருவர் படிக்க, மற்றவர் பார்த்துச் சரிபாருங்கள்.